பெயர், ஆயுள், பற்று: யூனிக்ஸ் பகிர்நினைவக முறைகளை ஒப்பிடும் அளவுகோல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரே கணினியில் இயங்கும் செயலாக்கங்கள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகிர்நினைவக முறைகள் பெரும்பாலும் வேகத்தாலும் பழமை, புதுமையாலும் ஒப்பிடப்படுகின்றன. அவ்விரண்டும் போதிய அளவுகோல்கள் ஆகா என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பகிரப்படும் நினைவகத் துண்டைக் கண்டடைய உதவும் பெயர் எத்தகையது, அதன் ஆயுள் எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது, அதைப் பற்றியிருக்கும் செயலாக்கங்களின் கணக்கை வைத்திருப்பது யார் என்னும் மூன்று வினாக்கள் வழியாக இம்முறைகள் ஆராயப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2013ஆம் ஆண்டில் மேற்கொண்ட மாற்றம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பகிர்நினைவகம், யூனிக்ஸ், சிஸ்டம் ஃபைவ், போசிக்ஸ், எம்மேப், போஸ்ட்கிரெஸ்

முன்னுரை

இயங்கும் நிரல் ஒவ்வொன்றையும் தனித்தனி முகவரி வெளிக்குள் அடைத்து வைப்பது யூனிக்ஸின் அடிப்படை ஒழுங்குகளுள் ஒன்று. புராசஸ் எனப்படும் செயலாக்கம் ஒன்று தன் நினைவகத்தில் எழுதுவதை இன்னொரு செயலாக்கம் படிக்க இயலாது. ஒரு நிரலின் பிழை மற்றொரு நிரலைக் கெடுக்காமல் காப்பது இந்தத் தடுப்பே. ஆயினும் ஒரு பணியைப் பல செயலாக்கங்கள் பங்கிட்டுச் செய்யும்போது தடுப்பைத் தாண்டித் தரவு செல்ல வேண்டியுள்ளது. குழாய், செய்தி வரிசை, சாக்கெட் ஆகிய வழிகளில் தரவு அனுப்புநரிடமிருந்து கெர்னலுக்கு ஒரு முறையும், கெர்னலிலிருந்து பெறுநருக்கு மற்றொரு முறையும் படியெடுக்கப்படுகிறது. பகிர்நினைவகத்தில் இந்தப் படியெடுப்பு இல்லை. ஒரே பௌதிக நினைவகப் பக்கங்களைக் கெர்னல் இரண்டு முகவரி வெளிகளிலும் பொருத்திவிடுகிறது. அதன்பின் ஒன்று எழுதுவதை மற்றொன்று நேரே படிக்கலாம்.

செயலாக்கங்களிடையிலான தொடர்பு முறைகளுள் பகிர்நினைவகமே விரைவானது என்னும் கூற்று இதனால் எழுந்தது. டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1998இல் வெளியிட்ட யூனிக்ஸ் வலைப்பின்னல் நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதி முதல் இன்றைய வகுப்பறைக் குறிப்புகள் வரை இக்கூற்றைக் காணலாம். கூற்று சரியானதே. ஆனால் அது பகிர்நினைவகத்தைக் குழாயோடும் சாக்கெட்டோடும் ஒப்பிட்டுப் பெறப்பட்டது. பகிர்நினைவகத்தைப் பெறும் வழிகளே பலவாக இருக்க, அவற்றைத் தமக்குள் ஒப்பிடும் இடத்திற்கும் அதே அளவுகோலை எடுத்துச் செல்லும்போது ஒப்பீடு பொருளற்றதாகிறது.

முறைகளும் அவற்றின் தோற்றமும்

முதன்மையான வழிகள் மூன்று. முதலாவது சிஸ்டம் ஃபைவ் முறை. பெல் ஆய்வகத்தின் கொலம்பஸ் பிரிவில் உள்பயன்பாட்டுக்கென உருவான யூனிக்ஸ் வடிவத்தில் தோன்றி, 1983இல் சிஸ்டம் ஃபைவ் வெளியீட்டின் வழியே பரவியது. இதில் ஒரு முழுஎண்ணைத் திறவியாகக் கொடுத்து ஷம்கெட் என்னும் அழைப்பால் துண்டை உருவாக்கி, ஷம்அட் என்னும் அழைப்பால் அதனோடு இணைய வேண்டும். இரண்டாவது எம்மேப். 4.2 பிஎஸ்டியின் ஆவணம் 1983லேயே இதை விவரித்தபோதும் அவ்வெளியீட்டில் அது செயற்படுத்தப்படவில்லை. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 அதை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒரு கோப்பை நினைவகத்தில் பொருத்தவும், கோப்பே இல்லாமல் பெயரற்ற நினைவகத்தைப் பெற்று ஃபோர்க் வழியே பிள்ளைச் செயலாக்கங்களுக்கு அளிக்கவும் எம்மேப் இடமளிக்கிறது. மூன்றாவது போசிக்ஸ் முறை. 1993இன் நிகழ்நேர நீட்டிப்புத் தரத்தில் இடம்பெற்ற இதில், சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயரை ஷம் ஓப்பன் அழைப்புக்குக் கொடுத்தால் கோப்புக்குரியதைப் போன்ற ஒரு விவரிப்பி கிடைக்கிறது. அளவை வரையறுத்தபின் எம்மேப் கொண்டே அதைப் பொருத்த வேண்டும்.

இந்த வரலாற்று வரிசையே ஒப்பீட்டு நூல்களில் மதிப்பு வரிசையாகவும் மாறிவிடுகிறது. மைக்கேல் கெரிஸ்க் 2010இல் எழுதிய லினக்ஸ் நிரலாக்க இடைமுக நூல் இம்முறைகளை ஒப்பிடுவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்குகிறது. கவனமான ஒப்பீடு அது. சிஸ்டம் ஃபைவின் திறவிகளும் அடையாள எண்களும் யூனிக்ஸின் கோப்பு மரபோடு ஒட்டாதவை, அதன் துண்டுகளின் அளவை உருவாக்கியபின் மாற்ற இயலாது என்பன போன்ற குறைகளை அவர் சரியாகவே சுட்டுகிறார். அவருடைய சாய்வு புதிய முறைகளின் பக்கம் அமைவதில் வியப்பில்லை. எனினும் பழைய முறையிடம் இருந்து புதியவற்றிடம் இல்லாத ஒன்று உண்டு. அது உரிய எடையைப் பெறவில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

வேகம் என்னும் பொருந்தா அளவுகோல்

லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பை நோக்கினால் வேக ஒப்பீட்டின் பொருத்தமின்மை வெளிப்படும். சிஸ்டம் ஃபைவ் துண்டும், பெயரற்ற பகிர் எம்மேப்பும், டெவ் அடைவின் கீழுள்ள ஷம் அடைவில் தோன்றும் போசிக்ஸ் பொருளும் அங்கு டிஎம்பிஎஃப்எஸ் எனப்படும் ஒரே நினைவகக் கோப்பு முறைமையின் மீதே கட்டப்பட்டுள்ளன. பக்கங்கள் பொருத்தப்பட்டபின் ஒரு முகவரியைப் படிக்கும் செயலிக்கு, அம்முகவரி எந்த அழைப்பின் வழியே வந்தது என்பது தெரியாது. மூன்று முறைகளையும் கடிகாரம் கொண்டு அளந்து வரைபடம் தரும் ஒப்பீடுகள் அளப்பது பெரும்பாலும் துண்டை உருவாக்கும் நேரத்தையும் பக்கங்களை முதன்முறை தொடும் நேரத்தையுமே.

உண்மையான செலவு வேறிடத்தில் உள்ளது. பக்கங்கள் பகிரப்பட்டாலும் பக்க அட்டவணைகள் பொதுவாகப் பகிரப்படுவதில்லை. 8 ஜிபி பகிர்நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 21 இலட்சம் பக்கங்கள். பக்கத்திற்கு 8 பைட்டு வீதம் ஒரு செயலாக்கத்தின் அட்டவணைக்கு மட்டும் 16 எம்பி வேண்டும். அவ்வாறு 100 செயலாக்கங்கள் முழுத் துண்டையும் தொட்டால் அட்டவணைகளே 1600 எம்பியை விழுங்கிவிடும். 2 எம்பி பக்கங்களைப் பயன்படுத்தினால் இச்செலவு மிகக் குறையும். அத்தகைய பெரும்பக்கங்களைக் கேட்கும் கொடி ஷம்கெட்டிலும் எம்மேப்பிலும் உண்டு. ஷம் ஓப்பனில் இல்லை. வேகம் பற்றிப் பேச வேண்டுமானால் பேசத்தக்க வேறுபாடு இதுவே. ஒப்பீடுகளில் இது அரிதாகவே பேசப்படுகிறது.

கோப்பைப் பொருத்தும் எம்மேப் மட்டும் சற்று வேறானது. அதன் மாறிய பக்கங்களைக் கெர்னல் அவ்வப்போது வட்டில் எழுதும். தரவு நிலைத்திருக்க வேண்டிய இடத்தில் அது நன்மை. இடைக்காலச் செய்திக்கு வீண்சுமை.

பெயர்

தொடர்பற்ற இரண்டு செயலாக்கங்கள் ஒரே துண்டைக் கண்டடைய ஒரு பெயர் வேண்டும். சிஸ்டம் ஃபைவில் அப்பெயர் கணினி முழுமைக்கும் பொதுவான ஒரு முழுஎண். இருவர் தற்செயலாக ஒரே எண்ணைத் தேர்ந்தால் மோதல் நேரும். இதைத் தவிர்க்க எஃப்டோக் என்னும் செயற்கூறு ஒரு கோப்பின் அடையாளத்திலிருந்து எண்ணை வருவித்துத் தருகிறது. குளிப்சி நூலகத்தில் அது கோப்பின் ஐநோடு எண்ணில் கடைசி 16 பிட்டுகளையும், சாதன எண்ணிலிருந்து 8 பிட்டுகளையும், நிரலர் தரும் எண்ணிலிருந்து 8 பிட்டுகளையும் ஒட்டுகிறது. ஐநோடு எண்கள் 65,536ஐத் தாண்டும் எந்தக் கோப்பு முறைமையிலும் இரண்டு கோப்புகள் ஒரே திறவியைத் தர வாய்ப்புண்டு. மோதலைத் தவிர்க்க வந்த கருவி மோதலை அரிதாக்குகிறது. அரிதாக நிகழும் பிழை சோதனையில் சிக்காமல் பயன்பாட்டில் வெளிப்படும் இயல்புடையது. போசிக்ஸின் எழுத்துப் பெயர் இவ்வகையில் தெளிவான முன்னேற்றம்.

ஆனால் பெயரே வேண்டா என்னும் நிலையும் உண்டு. பாதுகாப்பு நோக்கில் அதுவே மேலானது. எக்ஸ் சாளர முறைமையின் பகிர்நினைவக நீட்டிப்பில், பயன்பாட்டு நிரல் ஒரு சிஸ்டம் ஃபைவ் துண்டின் அடையாள எண்ணைச் சாளர வழங்கிக்கு அனுப்பும். எண் என்பது எவரும் ஊகித்துச் சொல்லத்தக்கது. ஆகவே எண்ணைத் தந்தவருக்கு அத்துண்டின் மீது உரிமை உண்டா என்பதை வழங்கி தனியே ஆராய வேண்டியிருந்தது. பின்வந்த வேலண்ட் நெறிமுறை, யூனிக்ஸ் சாக்கெட் வழியே கோப்பு விவரிப்பியையே கைமாற்றுகிறது. அவ்விவரிப்பியைப் பெற்றிருப்பதே உரிமைக்குச் சான்று.

அங்கும் ஓர் இடர் இருந்தது. துண்டைக் கைமாற்றிய நிரல் அதன் அளவைப் பின்னர்ச் சுருக்கிவிட்டால், இல்லாத பக்கத்தைப் படிக்கும் வழங்கி சிக்பஸ் என்னும் சமிக்ஞையைப் பெறும். அதை ஏற்றுச் சமாளிக்கும் ஏற்பாடு இல்லையெனில் வழங்கியே வீழ்ந்துவிடும். 2014இல் லினக்ஸ் 3.17 அறிமுகப்படுத்திய மெம்எஃப்டி அழைப்பு, சுருக்க இயலாதவாறு துண்டுக்கு முத்திரையிடும் வசதியைத் தந்தது. ஒருவரையொருவர் நம்பாத இருவர் நினைவகத்தைப் பகிர்வது இதன்பின்னரே எளிதாயிற்று. சிஸ்டம் ஃபைவ் துண்டின் அளவு மாறாதது என்பது முன்னர்க் குறையாகச் சுட்டப்பட்டது. இங்கே அதே மாறாமை தேடிப்பெற வேண்டிய பண்பாகிவிடுவது கருதத்தக்கது.

ஒழுங்கு காக்கும் கடமை

மூன்று முறைகளுள் எதுவும் இடத்தைத் தருமேயன்றி ஒழுங்கைத் தருவதில்லை. பெற்றோரும் பிள்ளையும் ஒரே எண்ணியைக் கூட்டும் எடுத்துக்காட்டால் ஸ்டீவன்ஸ் இதை விளக்குகிறார். படித்தல், கூட்டல், எழுதல் என்னும் மூன்று அடிகளுக்கிடையே மற்றவர் புகுந்தால் ஒரு கூட்டல் தொலையும். பூட்டுகள் இதற்குத் தீர்வு. பூட்டைப் பிடித்திருக்கும்போதே ஒரு செயலாக்கம் இறந்தால் மற்றவை என்றென்றும் காத்திருக்கும் என்பது அடுத்த சிக்கல். 2008இன் போசிக்ஸ் தரத்தில் சேர்ந்த வலுவுடை மியூடெக்ஸ், முந்தைய உடையவர் இறந்துவிட்டார் என்னும் செய்தியை அடுத்துப் பூட்டைப் பெறுபவருக்குத் தெரிவிக்கிறது. ஆனால் பாதி எழுதிய தரவைச் சீர்செய்யும் பொறுப்பு அவருடையதே. போஸ்ட்கிரெஸ் இவ்விடத்தில் கடுமையான நிலைப்பாட்டை எடுக்கிறது: அதன் செயலாக்கம் ஒன்று கட்டாயமாகக் கொல்லப்பட்டால், பகிர்நினைவகம் கெட்டிருக்கலாம் எனக் கொண்டு எல்லா இணைப்புகளையும் முறித்து நினைவகத்தைப் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே ஓர் இணைப்பை முடிக்க எண்ணி ஒன்பதாம் எண் சமிக்ஞையை அனுப்பும் நிர்வாகி, எல்லாப் பயனர்களையும் வெளியேற்றிவிடுவது இதனாலேயே.

ஆயுளும் பற்றும்: போஸ்ட்கிரெஸ் தரும் பாடம்

ஸ்டீவன்ஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே தொடர்புப் பொருள்களின் நிலைப்பை மூவகைப்படுத்துகிறார்: செயலாக்கத்தோடு முடிவன, கெர்னலோடு முடிவன, கோப்பு முறைமையோடு நிலைப்பன. அவருடைய நூலின் மிகப் பயனுள்ள வகைப்பாடு இதுவே எனலாம். சிஸ்டம் ஃபைவ் துண்டும் போசிக்ஸ் பொருளும் கெர்னலோடு நிலைப்பவை. உருவாக்கியவர் இறந்தபின்னும், நீக்கப்படும் வரையோ கணினி மீளத் தொடங்கும் வரையோ அவை கிடக்கும். பெயரற்ற எம்மேப் கடைசிச் செயலாக்கத்தோடு தானே அழியும். ஆயினும் இவ்வகைப்பாடு, பொருள் எப்போது இறக்கும் என்னும் வினாவுக்கே விடை தருகிறது. அதைப் பற்றியிருப்போர் இப்போது எத்தனை பேர் என்னும் வினா அதற்கு வெளியே நிற்கிறது.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செயலாக்கத்தைப் பிறப்பிக்கும் அமைப்பு. தரவுப் பக்கங்களின் இடையகமும் பூட்டுகளின் அட்டவணையும் பகிர்நினைவகத்தில் உள்ளன. 9.2 பதிப்பு வரை அந்நினைவகம் முழுவதும் சிஸ்டம் ஃபைவ் முறையில் பெறப்பட்டது. லினக்ஸ் ஒரு துண்டுக்கு விதித்திருந்த இயல்பு வரம்போ நெடுங்காலம் 32 எம்பியாகவே இருந்தது. பல ஜிபி நினைவகம் கொண்ட கணினியிலும் நிர்வாகி அதிகாரம் பெற்றுக் கெர்னல் அளவுருவை மாற்றாமல் தரவுத்தளத்தை உரிய அளவில் இயக்க இயலவில்லை. 2013இல் வந்த 9.3 பதிப்பு முதன்மை நினைவகத்தைப் பெயரற்ற எம்மேப்புக்கு மாற்றியது. நிறுவுவோரின் இத்தொல்லை நீங்கியது. லினக்ஸும் மறு ஆண்டில் தன் 3.16 பதிப்பில் அவ்வரம்பை நடைமுறையில் இல்லாததாக்கிவிட்டது.

இத்துடன் நின்றால் இது புதியது பழையதை வென்ற கதை. ஆனால் 9.3 பதிப்பு சிஸ்டம் ஃபைவை முற்றிலும் கைவிடவில்லை. ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துக்கொண்டது. 64 பிட் கணினிகளில் வழக்கமாக 48 பைட்டு என்கிறது அதன் ஆவணம். அவ்வளவு சிறிய துண்டில் வைக்கத்தக்க தரவு ஏதுமில்லை. அது வைக்கப்பட்டிருப்பது, அதனோடு எத்தனை செயலாக்கங்கள் இணைந்துள்ளன என்று கெர்னல் எழுதிவரும் ஓர் எண்ணுக்காக.

அவ்வெண் ஏன் வேண்டும் என்பதைத் தரவுத்தளத்தின் முதன்மைச் செயலாக்கம் திடீரென இறக்கும் நிலையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அது பெற்ற பிள்ளைகளுள் சில இன்னும் உயிரோடிருந்து தரவுக் கோப்புகளில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்நேரத்தில் நிர்வாகி புதிய முதன்மைச் செயலாக்கத்தைத் தொடங்குகிறார். புதியதற்குப் புதிய இடையகம், புதிய பூட்டு அட்டவணை. பழைய பிள்ளைகளின் பூட்டுகள் அதற்குத் தெரியாது; அதன் பூட்டுகள் அவற்றுக்குத் தெரியாது. இரு குழுக்களும் ஒரே கோப்புகளில் எழுதினால் தரவுத்தளம் சிதையும். தரவு அடைவில் கிடக்கும் பூட்டுக் கோப்பில் பழைய முதன்மைச் செயலாக்கத்தின் எண் இருக்கிறது. அச்செயலாக்கம்தான் இறந்துவிட்டதே, அந்த எண்ணைச் சோதிப்பதால் பிள்ளைகளைப் பற்றி எதுவும் தெரியாது. அதே கோப்பில் சிறு துண்டின் அடையாளமும் எழுதப்பட்டுள்ளது. புதிய செயலாக்கம் அத்துண்டின் இணைப்பு எண்ணைக் கெர்னலிடம் கேட்கிறது. அது சுழியமாக இல்லையெனில் தொடங்க மறுத்துவிடுகிறது. ஃபோர்க் செய்யும்போது இவ்வெண் தானே கூடுகிறது. செயலாக்கம் இயல்பாக முடிந்தாலும், பிழையால் வீழ்ந்தாலும், கட்டாயமாகக் கொல்லப்பட்டாலும் தானே குறைகிறது. எந்த நிரலும் இதைப் பொய்யாக்க மறந்தோ தவறியோ வழியில்லை.

போசிக்ஸ் பகிர்நினைவகத்தின் இடைமுகத்தில் இத்தகைய வினாவைக் கேட்க அழைப்பில்லை. பக்கங்களை எப்போது விடுவிப்பது என்பதற்காகக் கெர்னல் உள்ளே கணக்கு வைத்திருந்தாலும் அதை வெளியே தருவதில்லை. கோப்புப் பூட்டும் ஈடாகாது. எஃப்சிஎன்டிஎல் பூட்டு ஃபோர்க்கின் வழியே பிள்ளைக்குச் செல்வதில்லை. அக்கோப்பின் ஏதேனும் ஒரு விவரிப்பியை மூடினாலே விடுபட்டும் போகும். கோப்பு மரபோடு ஒட்டாதது என்று பழிக்கப்பட்ட அதே முறை, கோப்பு மரபால் சொல்ல இயலாத ஒன்றைச் சொல்கிறது.

இன்னொரு செய்தியும் இங்கு இணைத்துக் காணத்தக்கது. 2014இல் 9.4 பதிப்பு, இயக்கத்தின் நடுவே தேவைக்கேற்ப நினைவகம் பெறும் வசதியைச் சேர்த்தது, 2016இல் 9.6 பதிப்பில் வந்த இணைநிலை வினவலுக்கு அதுவே அடித்தளம். பிள்ளைகள் பிறந்தபின் உருவாகும் துண்டைப் பெயரற்ற எம்மேப்பால் அவற்றுக்குத் தர இயலாது. ஆகவே லினக்ஸில் அங்குப் பயன்படுவது பெயருடைய போசிக்ஸ் முறை. ஒரே தரவுத்தளம் ஒரே நேரத்தில் பெயர் வேண்டா இடத்தில் எம்மேப்பையும், பெயர் வேண்டும் இடத்தில் போசிக்ஸையும், பற்றியிருப்போரின் கணக்கு வேண்டும் இடத்தில் சிஸ்டம் ஃபைவையும் கையாள்கிறது. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தி எது சிறந்தது என வினவும் பாடநூல் மரபு, நடைமுறையில் இவை வகிக்கும் வெவ்வேறு பணிகளை மறைத்துவிடுகிறது. 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு, விரும்புவோர் முதன்மை நினைவகத்தையும் மீண்டும் சிஸ்டம் ஃபைவுக்கு மாற்றிக்கொள்ள ஓர் அளவுருவைத் தந்தது என்பதும் பழமை, புதுமை வரிசையோடு பொருந்துவதன்று.

கொள்கலன்களில் மாறும் பொருள்

கெர்னலோடு நிலைப்பது என்னும் சொற்றொடரே இன்று ஐயத்துக்குரியதாகிவிட்டது. சிஸ்டம்டி மேலாண்மை நிரலில் ஓர் அமைப்பு, பயனர் முற்றிலும் வெளியேறியதும் அவருக்குரிய பகிர்நினைவகப் பொருள்களை நீக்கிவிடும். முறைமைப் பயனர் கணக்குகளுக்கு அதில் விலக்குண்டு. ஆனால் தரவுத்தளத்தைச் சாதாரணப் பயனர் கணக்கில் இயக்குவோருக்கு, இணைநிலை வினவலின் துண்டுகள் காரணம் புரியாத நேரங்களில் மறைந்து பிழைச்செய்தி எழும். போஸ்ட்கிரெஸ் ஆவணம் இதற்கெனத் தனிப்பகுதியே எழுதியுள்ளது.

டாக்கர் கொள்கலனில் ஷம் அடைவின் இயல்பு அளவு 64 எம்பி. கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் போசிக்ஸ் முறையில் பெறத்தக்கது அவ்வளவே. பெரிய இணைநிலை வினவல் ஒன்று இடமில்லை என்னும் பிழையோடு நின்றுவிட, வட்டில் இடம் தேடிச் செல்லும் நிர்வாகி உண்மைக் காரணத்தை எளிதில் காண்பதில்லை. அளவை வரையறுக்கும் அழைப்பு பக்கங்களை ஒதுக்குவதில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. தொடும்போதுதான் பக்கம் தேடப்படும். கிடைக்காவிடின் அதே சிக்பஸ் வரும். பிழையை முன்கூட்டியே அறிய, இடத்தை முதலிலேயே ஒதுக்கும் அழைப்பை லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறது.

சிஸ்டம் ஃபைவின் கதை இதனினும் நுட்பமானது. 2006ஆம் ஆண்டின் 2.6.19 பதிப்பு முதல் லினக்ஸ் அதன் திறவிகளையும் அடையாள எண்களையும் தனித்தனிப் பெயர்வெளிகளாகப் பிரிக்க இடமளிக்கிறது. கொள்கலன்கள் இயல்பாக அவ்வாறே பிரிக்கப்படுகின்றன. கணினி முழுமைக்கும் பொதுவான எண் என்னும் பழைய குறை இதனால் நீங்கியது. ஆனால் ஒரே தரவு அடைவை இரண்டு கொள்கலன்களில் ஏற்றி இரண்டிலும் போஸ்ட்கிரெஸைத் தொடங்கினால், இரண்டாவது செயலாக்கம் பூட்டுக் கோப்பில் காணும் துண்டின் அடையாளம் அதன் பெயர்வெளியில் இல்லாத ஒன்று. செயலாக்க எண்களும் தனிப் பெயர்வெளியில் இருப்பதால் அச்சோதனையும் முதற் கொள்கலனை எட்டாது. பற்றியிருப்போர் எவருமில்லை என்றே அது முடிவுசெய்து எழுதத் தொடங்கும். 48 பைட்டுத் துண்டு முதற் கொள்கலனில் இருந்துகொண்டேயிருக்கிறது. கெர்னலின் எண்ணும் சரியாகவே இருக்கிறது. கேட்பவருக்கு மட்டும் அது தெரிவதில்லை. அங்கே ஒரு தரவு அடைவுக்கு ஒரே கொள்கலன் என்னும் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்துக்கு வெளியே, கொள்கலன்களை ஏவும் நிரலே காக்க வேண்டியுள்ளது.